சாக்ரமெண்டோவில் இலவச நிழல்மரத் திட்டம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் நாங்கள் வாங்கியுள்ள பழைய வீட்டின் மேற்குச் சுவரில் கோடை மாலை வெயில் நேரடியாக விழுவதால், குளிர்சாதனத்திற்கான மின்கட்டணம் எங்கள் வருமானத்திற்குப் பெரும் சுமையாகிறது. இந்நகரின் பொது மின்வாரியமான ஸ்மட், சாக்ரமெண்டோ ட்ரீ ஃபவுண்டேஷன் அமைப்புடன் சேர்ந்து 1990 முதல் வாடிக்கையாளர்களுக்கு நிழல்மரக் கன்றுகளை இலவசமாக வழங்கி வருகிறது. மின்தேவையைக் குறைப்பதே நோக்கம் என்பதால், கன்றை எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் நட வேண்டும் என்பதற்கும் அவர்கள் வழிகாட்டுகிறார்கள். மிக நல்ல திட்டம் என்றே கருதுகிறேன்.

ஆயினும் கன்று இலவசம் என்றாலும் குழி தோண்டுவதும் வளர்ப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. இப்பகுதியின் பல இடங்களில் மேல்மண்ணுக்கு அடியில் கல்போல் இறுகிய அடுக்கு இருப்பதால், அதை உடைக்கக் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருந்ததா, அதற்கு எவ்வளவு செலவாயிற்று என்பதை இத்திட்டத்தில் மரம் பெற்றவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கோடையில் ஏறக்குறைய மழையே இல்லாத இவ்வூரில் முதல் சில ஆண்டுகள் தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு கூடியது? பின்னாளில் கூரையில் சூரியத் தகடு பொருத்தவும் எண்ணியுள்ளதால், அதை மறைக்காத உயரத்தில் நின்று மேற்கு வெயிலைத் தடுக்கும் மரம் எது என்பதையும் கூற வேண்டுகிறேன்.