முன்பணம் வாங்கிய பிறகு தடை வந்துவிட்டது: யாருக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும்?

கேட்பவர்: கோத்தகிரி மலைவீடு | 9 ஜூன் 2021

வணக்கம். கோத்தகிரியில் கொடநாடு ரோட்டுப் பக்கம் அப்பா கட்டிய வீட்டில் மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறேன். வருமானம் என்று சொல்ல ஏப்ரல், மே சீசன்தான். இந்த வருடம் கொரோனாவால் ஏப்ரல் 20 முதல் நீலகிரிக்கு டூரிஸ்ட் யாரும் வரக்கூடாது என்று அரசு நிறுத்தியது, மே 10 முதல் முழு ஊரடங்கு. இப்போது என் கையில் மூன்று பஞ்சாயத்து.

ஒன்று, கோயம்புத்தூர் குடும்பம். மே 1, 2 இரண்டு ராத்திரிக்கு முழு வீடும் கேட்டார்கள், 24,000 ரூபாய். பாதியைப் பிப்ரவரியிலேயே ஜிபேயில் போட்டுவிட்டார்கள். அந்த 12,000 ரூபாயை முழுசாகத் திருப்பிக் கேட்கிறார்கள். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரசீதில் "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று தெளிவாகப் போட்டிருக்கிறேன். அதுவும் போக, அந்தப் பணத்தில்தான் இரண்டு பாத்ரூமுக்கும் கீசர் மாற்றினேன், சமையல் அக்காவுக்கு 3,000 கொடுத்தேன்.

இரண்டு, மதுரைக்காரர். ஏப்ரல் 24க்கு ஒரு அறை. தடை வருவதற்கு முன்பே, 14ஆம் தேதி, "கேஸ் ஏறுது, வீட்ல பயப்படுறாங்க, வரலை" என்று மெசேஜ் போட்டார். வரும் தேதிக்கு 15 நாள்கூட இல்லாதபோது ரத்து செய்தால் பாதி பிடிப்பேன் என்பது என் விதி. 4,000 கொடுத்திருந்தார், 2,000 அனுப்பிவிட்டேன். மீதியும் வேண்டுமாம்.

மூன்று, ஆன்லைன் தளம் வழியாக வந்த புக்கிங். தளமே அவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஃப்ளைட் டிக்கெட்டுக்குப் பணத்துக்குப் பதில் கிரெடிட் தரலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்னதே. நானும் எல்லோரிடமும் "அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லிவிடலாமா?

பதில் 1: குன்னூர் வண்டிக்காரன்

தரவே தராதீங்க ப்ரோ. ரசீதில் போட்டாச்சுன்னா போட்டாச்சு. நாம என்ன கொரோனாவைக் கூட்டிட்டு வந்தோமா?

பதில் 2: கோவை வக்கீல்

குன்னூர் நண்பர் சொல்வதைக் கேட்டால் செலவு கூடும்.

சார், மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. தங்க முடியாமல் போனது யாரால் என்று ஒவ்வொன்றிலும் தனியாகப் பாருங்கள்.

கோயம்புத்தூர் குடும்பம் வர மறுக்கவில்லை, நீங்களும் வீடு தர மறுக்கவில்லை. நடுவில் அரசு உத்தரவு வந்தது. காரில் கிளம்பியிருந்தாலும் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இதற்குத்தான். ஒப்பந்தம் போட்ட பிறகு, யாராலும் தடுக்க முடியாத ஒரு காரணத்தால் அந்தச் செயல் முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாமல் போகும். அப்படிப் போனால் அதன் கீழ் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. அந்தப் பிரிவிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கச்சேரியில் பாடுவதற்கு ஒருவர் 1,000 ரூபாய் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார், உடம்பு சரியில்லாமல் பாட முடியவில்லை. கச்சேரி நடக்காததால் ஏற்பாடு செய்தவருக்குப் போன லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டாம், ஆனால் வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். பாடகர் இடத்தில் உங்கள் வீட்டை வைத்துப் பாருங்கள்.

ரசீதில் உள்ள வரியை, அவர்களாக வராமல் போனால் பணம் கிடையாது என்றுதான் படிப்பார்கள். அரசு தடை, இயற்கைப் பேரிடர் வந்தால் என்ன செய்வது என்று தனியாக எழுதியிருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் ரசீதில் அப்படி எதுவும் இல்லையே.

மதுரைக்காரர் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் தெம்பாக நிற்கலாம். உத்தரவுக்கு முன் அவராகவே விலகினார், உங்கள் விதி பொருந்தும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். 74ஆம் பிரிவின்படி, பிடிக்கும் தொகை நியாயமான நஷ்ட ஈடாக இருக்க வேண்டும். நஷ்டமே ஆகவில்லை என்றால் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அவர் ரத்து செய்யாமல் இருந்திருந்தாலும் ஏப்ரல் 24இல் உங்கள் வீடு காலியாகத்தானே கிடந்திருக்கும்? அவருடைய வக்கீல் இதைத்தான் கேட்பார். நீங்கள் பாதி கொடுத்தாயிற்று. மீதிக்காக சண்டை போடும் அளவுக்கு 2,000 பெரிய தொகையா என்பது உங்கள் முடிவு.

தளத்தில் சேரும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளை எடுத்துப் படியுங்கள். பேரிடர் காலத்தில் உங்கள் ரத்து விதியை ஓரங்கட்டும் உரிமையைப் பெரும்பாலும் அதில் எழுதிவைத்திருப்பார்கள். போன வருடம் ஏர்பிஎன்பி, மார்ச் 14 வரை செய்த புக்கிங்குகளுக்கு அப்படித்தான் முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது. வீட்டுக்காரர்கள் கொதித்த பிறகு 25 கோடி டாலர் ஒதுக்கி, ரத்து விதிப்படி வந்திருக்க வேண்டியதில் 25 சதவீதம் தருவதாக அறிவித்தது.

ஃப்ளைட் டிக்கெட் தீர்ப்பு 2020 அக்டோபர் 1இல் வந்தது, விமான நிறுவனங்களுக்கு மட்டும். அதிலும் 2021 மார்ச் 31க்குள் பயன்படுத்தாத கிரெடிட்டைப் பணமாகத் தரச் சொன்னார்கள். ஆகவே வேறு தேதி கொடுக்கலாம், அவர்கள் சம்மதித்தால். கட்டாயப்படுத்த முடியாது.

கேட்பவர்

விளக்கத்துக்கு நன்றி சார். கீசருக்கும் சமையல் அக்காவுக்கும் போன பணத்தையாவது கழிக்கலாமா?

பதில் 2: கோவை வக்கீல்

கீசர் உங்கள் சுவரில்தானே இருக்கிறது? அதைக் கழிக்கக் கேட்காதீர்கள். சமையலுக்குக் கொடுத்த 3,000 வேறு. இங்கிலாந்தில் 1943இல் வந்த ஒரு சட்டம், இப்படி ஆகிய செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. நம் 65ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை. பேச்சுவார்த்தையில் கேளுங்கள், உரிமையாகக் கேட்காதீர்கள். இன்னொன்று, 2019ஆம் வருட நுகர்வோர் சட்டப்படி அவர்கள் கோயம்புத்தூரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அலையப்போவது நீங்கள்தான்.

பதில் 3: வில்பட்டி காட்டேஜ் அக்கா

தம்பி, போன வருஷம் எனக்கு இதே கதைதான், பதினோரு பார்ட்டி. முதலில் எல்லோருக்கும் தேதி மாற்றித்தான் கொடுத்தேன். செப்டம்பர் 1இல் மாநிலத்துக்குள்ளே இ-பாஸ் வேண்டாம் என்றார்கள், கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் மட்டும் வேண்டும் என்றார்கள். பாஸ் கிடைக்காமல் அந்தத் தேதியும் போனது. இரண்டாவது தடவை மாற்றச் சொன்னபோது ஒருத்தர், "ஏங்க, உங்க வீட்டைப் பார்க்க நாங்க மறுபிறவி எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் நோட்டில் பெயர் எழுதி, மாதம் இரண்டு பேருக்கு என்று பணத்தைத் திருப்பினேன். மொத்தமாகத் தர முடியவில்லை என்று உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். போனை எடுக்காமல் இருந்தால்தான் கோபம் வருகிறது. நீங்கள் எடுக்கிறீர்களா?

கேட்பவர் | 11 ஜூன் 2021

இரண்டு வாரமாக எடுக்கவில்லை அக்கா. நேற்றுதான் கோயம்புத்தூர் குடும்பத்தை நானே கூப்பிட்டேன். சமையல் செலவில் பாதி, 1,500 கழித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். 10,500 பாக்கி. இன்று 3,500 ஜிபே செய்துவிட்டேன், ஜூலை, ஆகஸ்டில் மீதி இரண்டு தவணை. அதை வாட்ஸ்அப்பில் எழுதி, அவர்களிடம் "ஓகே" வாங்கி வைத்திருக்கிறேன். மதுரைக்காரருக்கு 2,000 ரூபாயும் போட்டுவிட்டேன். தளத்துக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், தானியங்கி பதில் மட்டும் வந்திருக்கிறது.

வக்கீல் சார், புது ரசீதுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "அரசு உத்தரவால் பயணிகள் வர முடியாமல் போனால், முன்பணம் 30 நாளுக்குள் முழுமையாகத் திருப்பித் தரப்படும், அல்லது விருந்தினர் விரும்பினால் தேதி மாற்றித் தரப்படும்."

பதில் 2: கோவை வக்கீல்

சரி. 30 நாள் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்துவிடுங்கள்.