குழலினி தியாழினி: இங்கே தளை தட்டுகிறதா?

நேர்நேர்தேமா:
வணக்கம். வெண்பா எழுதிப் பழகலாம் என்று ஒவ்வொரு குறளாக அலகிட்டு, அதாவது அசை அசையாகப் பிரித்துப் பார்க்கிறேன், 66இல் தளையில் (ஒரு சீரும் அடுத்த சீரும் இணையும் முறையில்) வந்து மாட்டிக்கொண்டேன். என் கையில் இருப்பது சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பு.

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொல் கேளா தவர்

குழ-லினி, இரண்டிரண்டு உயிரோசை கொண்ட அசைகள், ஆக நிரைநிரை, அந்தச் சீரின் பெயர் கருவிளம். சரி. அடுத்தது தியா-ழினி, அதுவும் நிரைநிரை. வெண்பாவில் விளம் முன், அதாவது விளச்சீரை அடுத்து, நேர்தானே (ஒரே உயிரோசை கொண்ட அசை) வரவேண்டும்? வள்ளுவருக்கே தளை தட்டுமா என்ன?

ஈற்றடி:
தட்டாது. அந்தத் 'தி' குற்றியலிகரம். 'இனிது' என்பதில் உள்ள குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்), பின்னால் யாழ் வந்ததால் இகரமாகத் திரிந்து அரை மாத்திரையாகக் குறுகிவிட்டது. சீரும் தளையும் சிதைந்தால் குற்றியலிகரம், குற்றியலுகரம், அளபெடை (நீட்டி ஒலிக்கும் எழுத்து) இவற்றுக்கு அலகு கொடுக்க வேண்டாம், அதாவது அசைக்கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அமிதசாகரர் தம் யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையில் சொல்லியிருக்கிறார். தி-யை விட்டுவிட்டு அலகிடுங்கள்: யா-ழினி, நேர்நிரை, கூவிளம். விளம் முன் நேர், முடிந்தது.

கூவிளங்காய்:
அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். தி-யை முதல் சீரோடு சேர்த்து 'குழலினிதி யாழினி தென்பதம்' என்று வையுங்கள். குழ-லினி-தி நிரைநிரைநேர், அதாவது கருவிளங்காய் என்ற காய்ச்சீர், அடுத்து யா நேர். காய் முன் நேர், இதுவும் வெண்பாவுக்கு உரிய தளைதான், வெண்சீர் வெண்டளை என்று பெயர். எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு 'இனிதி'யில்தான் நிற்கிறது, 'இனி'யில் யாரும் நிறுத்துவதில்லை. இப்போது வரும் பதிப்புகளில் சந்தி பிரித்து 'குழல்இனிது யாழ்இனிது என்பதம்' என்று போடுகிறார்களே, அதை அப்படியே அலகிட்டாலும் கருவிளங்காய், கூவிளங்காய் என்று ஓடித் தளை சரியாகவே வரும்.

நேர்நேர்தேமா:
ஓ, அப்படியா! நன்றி இருவருக்கும். இன்னொன்று, இதில் மோனையே காணோமே?

ஈற்றடி:
முதல் சீரோடு பார்த்தால் இல்லைதான். கு-வுக்கு கூ, கொ, கோ வரவேண்டும், அந்த அடியில் ஒன்றும் இல்லை. குழல், மழலை என்று ழகர எதுகைதான் குறளைத் தாங்குகிறது, அதிலும் இரண்டு பக்கமும் முதலெழுத்து குறில், மூன்றாவது எழுத்தும் லகர வருக்கம், காதுக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் பதிப்பின்படி பிரித்தால் தியாழினி, தென்பதம் என்று நடுவில் தி-க்கும் தெ-க்கும் மோனை வருகிறது, நண்பர் கூவிளங்காய் சொன்ன மாதிரி பிரித்தால் அது போய்விடும் :)

கூவிளங்காய்:
போகட்டும் ஐயா, ஓசைதான் முக்கியம். தம்பி, அலகு பெறாது என்ற சலுகையை உங்கள் வெண்பாவில் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஈற்றுச்சீர் (கடைசிச் சீர்) நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள், புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.