பதிலுக்குக் காசு கொடுத்தா ஆட்கள் வருவாங்களா?

கலமும்வரிசையும்:
எக்செல் சந்தேகங்களுக்குன்னு ஒரு குழு நடத்துறேன். கேள்வி குவியுது, பதில் சொல்றது என்னவோ அதே நாலைஞ்சு பேர்தான். அதுல ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு, விலுக்கப் (VLOOKUP, பட்டியல்ல தேடி எடுத்துத் தர்ற ஃபார்முலா) ஏன் பிழை காட்டுதுன்னு படம் போட்டு விளக்குறார். கலத்தோட மூலையில இருக்குற குட்டிப் பச்சை முக்கோணத்தை வட்டம் போட்டுக் காட்டி, "பார்க்க எண் மாதிரி இருக்கு, ஆனா டெக்ஸ்டா சேவ் ஆகியிருக்கு, அதான் பொருந்தல"ன்னு. கேட்டவர் நன்றிகூடச் சொல்லல. இவருக்கு இதுல என்ன கிடைக்குது? பதிலுக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை வெச்சா இன்னும் நாலு பேர் வருவாங்களா?

பழையமோடம்:
அதையும் செஞ்சு பார்த்தாச்சுங்க. கூகுள் ஆன்சர்ஸ் 2002-ல வந்துச்சு. கேட்கிறவர் விலை வெப்பார், தேர்ந்தெடுத்த ஆட்கள் பதில் எழுதுவாங்க. 2006-ல புதுக் கேள்வி வாங்குறதையே நிறுத்திட்டாங்க. எழுதுறவங்களுக்குச் சல்லிக்காசு தராத விக்கிப்பீடியா 2001-லேருந்து ஓடுது. காசுதான் கூகுள் ஆன்சர்ஸைக் கெடுத்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா விலைன்னு ஒண்ணு வந்துட்டா, "இந்த வேலைக்கு இது கட்டுமா?"ன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும்.

அரைப்புள்ளி:
வாஸ்கோ, ஃபராஜ்னு ரெண்டு பேர் அமெரிக்க வழக்கறிஞர்களோட இணையக் குழு ஒண்ணை ஆராய்ஞ்சு 2005-ல எழுதினாங்க. இன்னைக்கு நாம சொன்னா நாளைக்கு நமக்குச் சொல்வாங்கங்கிற எதிர்பார்ப்பு பெரிய காரணமா வரல. தொழில்ல பேர் வரும்ங்கிற எண்ணம்தான் வேலை செஞ்சுது. விக்கிப்பீடியாவுல ரொம்ப உழைக்கிற சிலருக்குக் குலுக்கல் மாதிரி 'பார்ன்ஸ்டார்' பதக்கம் கொடுத்துப் பார்த்த சோதனை 2012-ல வந்துச்சு. வெறும் படம்தாங்க. வாங்கினவங்க வாங்காதவங்களைவிட 60% அளவுக்குக் கூடுதலா எழுதினாங்க.

தூக்கம்வராதவன்:
நானும் அந்த ரெண்டு மணி ஜாதிதான் (அவர் நான் இல்ல). பெருமையெல்லாம் அப்புறம். முதல்ல புதிர் பிடிக்கும். அதைவிட, யாராவது "எக்செல்லை அழிச்சுட்டு மறுபடி ஏத்துங்க"ன்னு எழுதியிருந்தா பார்த்துட்டுச் சும்மா போக முடியாது. பாதிப் பதில் அந்த எரிச்சல்லதான் எழுதுறது.

நன்றி வராததும் பழகிடும். பழகாதது ஒண்ணு இருக்கு: பதில் வாங்கிக்கிட்டுக் கேள்வியையே அழிச்சுட்டுப் போறது. நான் கேட்டவருக்கு மட்டுமா எழுதுறேன்? அடுத்த வருஷம் இதே பிழையைத் தேடிக்கிட்டு வர்றவருக்கும் சேர்த்துத்தானே. அது போச்சுன்னா கை வராது. காசை விடுங்க, இதைத் தடுங்க. சரியாச்சா இல்லையான்னு கேட்டவர் ஒரு வரி எழுதணும்னு சொல்லுங்க. "சரியாகல"ன்னு வந்தாக்கூட நல்லதுதான், உட்கார்ந்து பார்க்க இன்னொண்ணு கிடைச்சுது.

கலமும்வரிசையும்:
பதில் வந்த கேள்வியை இனி யாரும் அழிக்க முடியாதபடி மாத்திட்டேன். அந்த ஒரு வரியை எப்படி எழுத வைக்கிறதுன்னுதான் தெரியல. கட்டாயம்னு போட்டா "ஓகே"ன்னு தட்டிட்டுப் போயிடுவாங்களே?