பெரியவீட்டுக் குழு: கியோஸ் தீவுக்கு எந்த மாதம் போவது?

வள்ளி: அனைவருக்கும் வணக்கம். ஆச்சியும் இந்தக் குழுவை வாசிப்பதால் எல்லோரும் முழுத் தமிழில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் மணிவிழா திருக்கடையூரில் முடிந்த அன்று நாம் பேசிக்கொண்ட கிரேக்கப் பயணத்துக்கு இந்த வாரத்துக்குள் தேதி தெரிந்தால்தான் விசாவுக்கு எழுத முடியும். ஏதென்சில் இரண்டு நாள் என்பது உறுதி. அதற்குப் பிறகு எந்தத் தீவு, எந்த மாதம் என்பதைச் சொல்லுங்கள்.

செந்தில்: சாண்டோரினிக்கே போவோம். அந்த நீலக் குவிமாடத்துக்கு முன்னால் அப்பாவையும் அம்மாவையும் நிற்க வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நான் மணிவிழா அன்றே சொல்லிவிட்டேன்.

கோமதி: எனக்குக் கூட்டம் ஆகாது. படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும் என்று என் தோழி சொன்னாள்.

சங்கரன் சித்தப்பா: மதினி சொல்வது சரி. நான் கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில், உடன் வேலை பார்த்த கேப்டன்களில் பலர் கியோஸ் தீவையும் அதன் பக்கத்தில் இருக்கும் இனூசெஸ் என்னும் சிறு தீவையும் சேர்ந்தவர்கள். கிரேக்கக் கப்பல் முதலாளிகளில் பல குடும்பங்களின் பூர்வீகம் அந்த இரண்டு தீவுகள்தான். கியோஸ் துருக்கியின் செஷ்மே கரைக்கு எதிரே இருக்கிறது. பிரேயஸ் துறைமுகத்தில் இரவு கப்பல் ஏறினால் விடியும்போது அங்கே இறங்கலாம். வருகிறவர்கள் பெரும்பாலும் துறைமுக நகரத்திலோ கர்ஃபாஸ் கடற்கரையிலோ தங்கி, ஒரே நாளில் பிர்கி, மெஸ்தா என்னும் இரண்டு கிராமங்களை ஓட்டமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நாம் அப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். தெற்கே ஏதாவது ஒரு கிராமத்துக்குள் நான்கு இரவாவது தங்க வேண்டும்.

செந்தில்: அந்தக் கிராமங்களில் அப்படி என்ன இருக்கிறது, சித்தப்பா?

சங்கரன் சித்தப்பா: மஸ்திகா என்னும் பிசின் இருக்கிறது. தெற்குக் கியோசில் 24 ஊர்களை மஸ்திகா கிராமங்கள் என்று சொல்வார்கள். ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும் குட்டையான மரம். அதன் பட்டையைக் கீறினால் பிசின் சொட்டுச் சொட்டாக வடியும். அதே இன மரம் மத்தியதரைக் கடல் ஓரமெங்கும் வளர்ந்தாலும், இந்தப் பிசினை ஊர் ஊராகப் பயிர் செய்து எடுப்பது அந்தத் தீவின் தென்பகுதியில்தான். கோடை தொடங்கியதும் மரத்தடியைப் பெருக்கிச் சமப்படுத்தி வெள்ளைச் சுண்ணப் பொடியைப் பரப்புவார்கள். ஜூலையில் சிறு இரும்புக் கருவியால் பட்டையில் கீறல் போடத் தொடங்குவார்கள். விழுந்த சொட்டு அந்தப் பொடியின் மேலேயே கிடந்து இறுகும். பிறகு பொறுக்கி, சலித்து, கழுவி, குளிர்காலம் முழுவதும் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியிலும் ஒட்டிய மண்ணைக் கத்தி நுனியால் சுரண்டி எடுப்பார்கள். ஒரு மரம் ஆண்டுக்குச் சில நூறு கிராமுக்கு மேல் தருவதில்லை. இந்தப் பயிர்முறையை யுனெஸ்கோ 2014இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆச்சி: உன் அப்பாவுக்கு வயிற்று வலி வந்தபோது யுனானி வைத்தியர் ரூமி மஸ்தகி என்று எழுதிக் கொடுத்தாரே, அதுதானா இது?

சங்கரன் சித்தப்பா: அதுவேதான், அம்மா. கிராமத்துக் கூட்டுறவுக் கடையிலேயே வாங்கி வருகிறோம்.

செல்லம்மாள் அத்தை: அப்பா வயிற்று வலியில் கிடந்தபோது மருந்து வாங்க அலைந்தது நெல்லையப்பன். நீ கப்பலில் இருந்தாய்.

சங்கரன் சித்தப்பா: உண்மைதான், அக்கா. அதனால்தான் இந்தப் பயணத்தில் அண்ணாச்சிக்கு ஒரு பைசாச் செலவு வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கோமதி: பழையதை இப்போது எடுக்க வேண்டாம். அங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று சொல்லுங்கள், தம்பி.

வள்ளி: அதை நான் சொல்கிறேன், அம்மா. கிரேக்கத் திருச்சபையின் நோன்புச் சாப்பாட்டை நிஸ்தீசிமா என்பார்கள். அதில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் இறால், கணவாய் போன்றவற்றை நோன்பிலும் சாப்பிடுவார்கள். ஆகையால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்த கிகாந்தேஸ், அவித்த காட்டுக் கீரை, சோறு வைத்துச் சுருட்டிய திராட்சை இலை ஆகியவை அநேகமாக எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் இருக்கும். திராட்சை இலைக்குள் மட்டும் இறைச்சி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோமதி: கீரையும் மொச்சையும் போதும்.

செந்தில்: கவினுக்கு மே மாதம்தான் பள்ளி விடுமுறை. மேயில் போனால் அந்தப் பிசின் வேலையைப் பார்க்க முடியாதே.

சங்கரன் சித்தப்பா: சரியான கேள்வி. மே மாதத்தில் மரம் மட்டும்தான் நிற்கும். பிர்கிக்கு அருகே மலைச்சரிவில் 2016இல் திறந்த மஸ்திகா அருங்காட்சியகம் இருக்கிறது. வேலை நடக்கும் விதத்தை அங்கே காட்டுவார்கள். ஆனாலும் தோட்டத்தில் பார்ப்பதற்கு அது ஈடாகாது. ஜூலை, ஆகஸ்டில் போகலாம் என்றால் வெயிலும் காற்றும் கடுமை. அதைவிட நெருப்புப் பயம் பெரிது. 2012 ஆகஸ்டில் தெற்கே மஸ்திகா மரங்கள் பெருமளவில் எரிந்தன. 2025 ஜூனில் மறுபடியும் தீவில் பெருந்தீ மூண்டது. ஆபத்து மிகுந்த நாட்களில் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். கவினுக்குக் காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசிதான் என் கணக்கில் சரியான காலம். அப்போது பிசின் பொறுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், கடல் நீரும் இதமாக இருக்கும்.

செல்லம்மாள் அத்தை: செப்டம்பர், அக்டோபரில் குலசைத் தசரா வருமே. நெல்லையப்பன் மாலை போடுவானா மாட்டானா என்பதை முதலில் கேளுங்கள்.

கோமதி: போன ஆண்டு காளி வேடம் கட்டினார். இந்த ஆண்டும் கட்டுவதாக முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்.

செந்தில்: அப்படியானால் மே மாதமே மேல்.

வள்ளி: மாதத்தை அப்பா வந்ததும் முடிவு செய்வோம். சித்தப்பா, நான்கு நாளும் பிசினையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேறு எங்கெல்லாம் போகலாம்?

சங்கரன் சித்தப்பா: மெஸ்தாவுக்குக் காலையில் போகாமல், சுற்றுலாப் பேருந்துகள் திரும்பிய பிறகு மாலையில் போக வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் தீவை ஆண்ட ஜெனோவாக்காரர்கள், பிசின் வணிகத்தைக் கடற்கொள்ளையரிடமிருந்து காப்பாற்றுவதற்காகக் கட்டிய ஊர் அது. ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே ஊரின் மதில். தாக்குதல் வந்தால் மக்கள் கூரை வழியாக ஓடி நடுக் கோபுரத்தை அடையலாம். அதே அமைப்பில் ஒலிம்பி என்னும் ஊர் வழியிலேயே இருக்கிறது. அங்கே ஆள் நடமாட்டம் இன்னும் குறைவு என்பதால் தங்குவதற்கு அதையே நான் சொல்வேன். பிர்கியில் சுவர்களைப் பாருங்கள்: கருமணல் சாந்து பூசி, மேலே சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் முள்கரண்டியால் சுரண்டி முக்கோணமும் சாய்சதுரமும் வரைகிறார்கள். மாடக் கம்பிகளில் சிறு தக்காளிகளைக் கோத்துக் குளிர்காலத்துக்காகத் தொங்கவிட்டிருப்பார்கள்.

செந்தில்: இதைப் படம் எடுக்கலாம்.

சங்கரன் சித்தப்பா: எடுக்கலாம், வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டு எடு. அடுத்த நாள் தீவின் நடுமலைக்குப் போக வேண்டும். நேயா மோனி என்னும் மடத்தை 11ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் கட்டினார். பொன் பதித்த அதன் மொசைக் ஓவியங்களுக்காக அது 1990இல் உலக மரபுச் சின்னமானது. 1822இல் கிரேக்க விடுதலைப் போரின்போது ஒட்டோமன் படை இந்தத் தீவில் பல்லாயிரம் பேரைக் கொன்று, இன்னும் பல்லாயிரம் பேரை அடிமைகளாக விற்றது. மடத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்களும் தப்பவில்லை. வாசலை ஒட்டிய சிறு கோயிலில் அவர்களுடைய மண்டை ஓடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கவினை உள்ளே அழைத்துப் போவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அண்ணாச்சி கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் அனாவாதோஸ் என்னும் ஊர் பாறை உச்சியில் இருக்கிறது. அந்தப் படுகொலையிலும் 1881 நிலநடுக்கத்திலும் சிதைந்து ஏறக்குறைய காலியாகிவிட்டது. பாறையின் நிறமும் வீடுகளின் நிறமும் ஒன்று என்பதால், பக்கத்தில் போகும்வரை அங்கே ஊர் இருப்பதே தெரியாது.

கோமதி: ஏறுவதற்குப் படிகள் இருக்கின்றனவா? அவருக்கு முழங்கால் வலி உண்டு.

சங்கரன் சித்தப்பா: மேலே கோட்டைக்குப் போகும் பாதை கரடுமுரடானது. அண்ணாச்சி கீழ் வீடுகளோடு நின்றுகொள்ளலாம். முழங்காலுக்கு ஏற்ற இடம் காம்போஸ். நகரத்துக்குத் தெற்கே ஆரஞ்சு, நாரத்தை, மாண்டரின் தோட்டங்களாகவே இருக்கும் சமவெளி அது. மதில்கள் உயரம் என்பதால் காரில் போனால் கல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. ஏதாவது ஒரு தோட்ட விடுதிக்குள் இறங்கி, நீர் இறைக்கும் பழைய சக்கரத்தையும் தொட்டியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கவின் (செந்தில் கைப்பேசியிலிருந்து): கடலில் குளிக்க முடியுமா, சின்னத் தாத்தா?

சங்கரன் சித்தப்பா: எம்போரியோசுக்கு அருகில் மாவ்ரா வோலியா என்னும் கரை முழுவதும் எரிமலையிலிருந்து வந்த கறுப்புக் கூழாங்கற்கள். செருப்போடு நடக்க வேண்டும். ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. அது அங்கே தடை.

வள்ளி: மலை ஊர்களுக்குப் பேருந்தை நம்ப முடியாது என்பதால் கார் எடுத்தாக வேண்டும். செந்தில், உன் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடு.

செந்தில்: விண்ணப்பிக்கிறேன். ஆனால் சாண்டோரினியில் ஓர் இரவாவது தங்கலாமா?

வள்ளி: அது வேறு திசையில் இருக்கிறது. ஏதென்சுக்குத் திரும்பி வந்துதான் போக வேண்டும். ஓர் இரவுக்காக இரண்டு நாள் போய்விடும்.

செந்தில்: அப்பாவைக் கேட்போம்.

நெல்லையப்பன்: எல்லாவற்றையும் இப்போதுதான் வாசித்தேன். சங்கரன் சொல்லும் தீவுக்கே போவோம். அவனோடு கப்பலில் இருந்தவர்களின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் அம்மனுக்குச் சொன்ன வேண்டுதலை மாற்ற மாட்டேன். தசரா முடிந்த மறுவாரம் போனால் பிசின் இருக்குமா?

சங்கரன் சித்தப்பா: அக்டோபர் முதல் பாதி என்றால் பெரும்பாலும் இருக்கும், அண்ணாச்சி. மழை முந்திக்கொண்டால் வேலை நின்றுவிடும். இந்த ஆண்டு தசரா எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

செந்தில்: அப்போது கவினுக்குப் பள்ளி திறந்திருக்கும்.

செல்லம்மாள் அத்தை: நானும் வரலாம் என்று நினைக்கிறேன். என் கடவுச்சீட்டு இன்னும் செல்லுபடியாகும்.

வள்ளி: மகிழ்ச்சி, அத்தை. அப்படியானால் ஒரு கார் போதாது. ஒலிம்பியில் நான் பார்த்து வைத்த வீட்டிலும் மூன்று அறைகள்தான் இருக்கின்றன. கவினின் பள்ளியில் செந்தில் விடுப்புக் கேட்டுச் சொல்லட்டும். அதுவரை ஏதென்ஸ் விடுதியை மட்டும், பணம் திருப்பித் தரும் விதத்தில் பதிவு செய்து வைக்கிறேன்.