புதுப்பிப்பு: ஒற்றை உள்நுழைவில் சிலருக்கு மட்டும் குழு அனுமதி கிடைக்காத சிக்கல் தீர்ந்தது

ஒற்றை உள்நுழைவை (ஒரே கணக்கால் பல செயலிகளுக்குள் நுழையும் வசதி) எங்கள் செயலியுடன் இணைத்த பிறகு, எல்லோராலும் உள்நுழைய முடிந்தபோதிலும், நீண்டகாலப் பணியாளர்கள் சிலருக்கு மட்டும் குழுவுக்குரிய அனுமதிகள் கிடைக்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

பயனர்களின் கணக்குகளையும் குழுக்களையும் நிர்வகிக்க நாங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி சேவை, ஒருவர் சேர்ந்துள்ள குழுக்களின் எண்ணிக்கை ஜேடபிள்யூடி (JWT) டோக்கனில், அதாவது உள்நுழைந்தவரின் விவரங்களைச் செயலிக்குக் கொண்டுசெல்லும் தரவில், 200-ஐயும் அதே வேலையைச் செய்யும் எஸ்ஏஎம்எல் (SAML) முறையில் 150-ஐயும் தாண்டினால், பட்டியலைச் சுருக்கித் தராமல் முழுவதுமாக விட்டுவிட்டு, அதை வேறிடத்தில் கேட்டுப் பெறுவதற்கான குறிப்பை மட்டும் வைக்கிறது. இது ஆவணங்களில் சொல்லப்பட்ட வரம்புதான். ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத எங்கள் செயலியோ, அவர் எந்தக் குழுவிலும் இல்லை என்றே முடிவு செய்துவந்தது. பிழைச் செய்தி எதுவும் வராததால்தான் தேடல் இவ்வளவு நீண்டது.

செயலிக்கு ஒதுக்கப்பட்ட குழுக்களை மட்டும் டோக்கனில் அனுப்பும்படி அமைப்பை மாற்றியதும் அனுமதிகள் சரியாகிவிட்டன. இம்முறையில் உட்குழுக்களின் உறுப்பினர்கள் கணக்கில் வருவதில்லை என்பதால், அவர்களை ஒதுக்கப்பட்ட குழுவிலேயே நேரடியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. மேலும், குழுவின் பெயர் எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படலாம் என்பதால், செயலியில் அதன் மாறாத அடையாளக் குறியீட்டையே பொருத்தியிருக்கிறோம்.