நீற்றலா, சுட்டகற்றலா?

அன்பு நண்பர்களே,

சுண்ணாம்புக்கல் போன்ற பொருளைச் சுட்டு, அதிலுள்ள வாயுவையோ நீரையோ வெளியேற்றும் கல்சினேசன் (calcination) என்ற வினைக்குத் தமிழில் என்ன சொல் என்ற விவாதத்தில், 'நீற்றல்' போதும் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். இன்று அதைத் திரும்பப் பெறுகிறேன்.

சிறுவயதில், தைப்பொங்கலுக்கு முன் மதிலுக்கு வெள்ளையடிக்க அப்பா சூளையிலிருந்து சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைச் சாக்கில் கொண்டுவருவார். தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டதும் கட்டிகள் சீறும், வெடித்துப் பிளக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். "நீறட்டும், கிட்டப் போகாதே" என்பார். சுட்டது சூளையில், நீற்றியது எங்கள் வளவில். யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சில் இவை இரண்டும் வேறு வேறு வேலைகள்.

பாடநூலும் அப்படித்தான் சொல்கிறது. சூளையிலிருந்து வரும் கல்சியம் ஒட்சைட்டு 'நீறாத சுண்ணாம்பு'. தண்ணீர் சேர்ந்தபின் அது 'நீறிய சுண்ணாம்பு'. கல்சினேசனை நீற்றல் என்றால், நீற்றி எடுத்த பொருளுக்கே நீறாத சுண்ணாம்பு என்று பெயர் வரும். இதை எந்த மாணவருக்கு விளக்குவது?

அப்பரை இட்ட நீற்றறை சுண்ணாம்பு சுடும் காளவாய்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். பழைய வழக்கில் நீற்றல் சுட்டுப் பொடியாக்குவதையும் குறித்தது. திருநீறும் நெருப்பில்தான் பிறக்கிறது. நெடுநாள் என்னைக் கட்டிப்போட்ட வாதம் இதுவே. ஆனாலும் ஒரே பாடத்தில் ஒரு சொல் இரண்டு வினைகளைச் சுமக்கக்கூடாது.

இதே வினைக்குச் சொல்லப்படும் 'காற்றில்லா வறுத்தல்' எனக்கு உடன்பாடில்லை. சுண்ணாம்புச் சூளைக்குள் காற்று புகாவிட்டால் விறகு எப்படி எரியும்? வறுத்தல், நாக (துத்தநாக) சல்பைட்டு போன்ற தாதுக்களை ஒட்சிசனோடு சேர வைக்கும் வேலை. அதை அங்கேயே விடுவோம். 'புடமிடல்' அழகான சொல், ஆனால் சித்த மருத்துவர்களுடையது. மூலிகைச் சாற்றில் அரைப்பதும் மூடிய அகலும் வறட்டியும் கூடவே நினைவுக்கு வரும்.

கல்சினேசனில் உண்மையில் நடப்பது என்ன? தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவை ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் முழுமையாகச் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் போய்விடும். அலுமினியம் ஐதரொட்சைட்டைச் சுட்டால் நீராவி போகும், அலுமினா மிஞ்சும். சுடுவதும் ஒன்றை வெளியேற்றுவதும் சேர்ந்ததே இந்த வினை. ஆகவே 'சுட்டகற்றல்' என்று முன்மொழிகிறேன்: சுட்டகற்றிய மக்னசைட்டு, சுட்டகற்றும் சூளை.

நாவில் சற்று இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். சூளையில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். அது பொருந்தினால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.