கைத்தறிச் சேலையின் நிறம் மாறாமல் படத்தைத் திருத்த எந்தச் செயலி நல்லது?

கேள்வி:
வணக்கம். அம்மா விற்கும் கைத்தறிச் சேலைகளை நான்தான் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மயில்கழுத்து நிறச் சேலை படத்தில் வெறும் நீலமாகத் தெரிந்ததால், சென்ற மாதம் இரண்டு சேலைகள் திரும்பி வந்துவிட்டன. கட்டணமில்லாத செயலி ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
கூகுளின் ஸ்னாப்சீட் உங்களுக்குப் போதும். கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுங்கள். பிறகு ‘ஒயிட் பேலன்ஸ்’ கருவியில் உள்ள துளிக்குழாய்க் குறியைத் தொட்டு, அந்தத் தாளின் மீது நகர்த்தினால், விளக்கொளி ஏற்றிய மஞ்சளோ நீலமோ நீங்கிவிடும். நிறச்செறிவைக் கூட்டும் ஆயத்த வடிகட்டிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். வாங்குபவரை ஏமாற்றுவது பெரும்பாலும் அவைதாம்.

பதில் 2:
செயலியைவிட ஒளியே முக்கியம் என்பது என் அனுபவம். சன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்து விழுந்தால், சேலையின் ஒரு பாதி ஒரு நிறமும் மறுபாதி வேறு நிறமுமாகப் பதியும். அதை எந்தச் செயலியாலும் எளிதில் சரிசெய்ய முடியாது. விளக்கை அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத சன்னலருகே எடுங்கள். ஒரே ஒளியில் பல சேலைகளை எடுப்பதாக இருந்தால் லைட்ரூம் என்ற செயலி வசதியானது; ஒரு படத்தின் திருத்தங்களை நகலெடுத்து அடுத்ததில் ஒட்டலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தாளை வைத்து எடுத்ததில் பச்சைச் சாயல் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் அம்மாவின் கைபேசியில் அதே படம் சற்று அடர்த்தியாகத் தோன்றுகிறதே?

பதில் 1:
அது திரையின் அமைப்பாக இருக்கலாம். ‘விவிட்’ என்றிருந்தால் ‘நேச்சுரல்’ என மாற்றிப் பாருங்கள்.